மூட்டைப்பூச்சி மாத்திரை: சுவரைத் தாண்டும் நச்சுவாயு

வளைகுடாவில் பலர் சேர்ந்து தங்கும் அறைகளில் மூட்டைப்பூச்சித் தொல்லை எப்படியிருக்கும் என்பது அங்கே வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்குத் தெரியும். "ஒரு மாத்திரையை வைத்து அறையைப் பூட்டிவிட்டுப் போங்கள், ஒன்றுகூட மிஞ்சாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம்.

அந்த மாத்திரை பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. நம் ஊரில் செல்பாஸ் என்பார்கள். தானியக் கிடங்குகளுக்கான மருந்து இது. மனிதர் உறங்கும் வீட்டில் வைக்கவே கூடாது.

காற்றிலுள்ள ஈரம் பட்டாலே இதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். அதற்கு நிறமில்லை. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரலாம். வாடை இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. சுவர் விரிசல், குழாய்த் துளை, ஏசி வழியாக அது அடுத்த வீட்டுக்குப் போகும். மருந்து வைத்தவர் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைதான் அதைச் சுவாசிக்கும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், இதுவும் அதில் சேர்ந்ததுதான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இன்னும் மோசம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அமரில்லோ நகரில், 2017 ஜனவரியில், வீட்டுக்கு அடியில் போட்ட இம்மருந்தைக் கழுவ ஒருவர் தண்ணீர் பீய்ச்சினார். வாயு பெருகி அவ்வீட்டின் 4 பிள்ளைகள் இறந்தனர்.

ஆள் வைத்துச் செய்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் எலி மருந்து வைத்துப்போன வீட்டில் உறங்கிய 2 குழந்தைகள் இறந்தார்கள். என்ன மருந்து, எத்தனை நாள் வெளியே தங்க வேண்டும், கதவு ஜன்னலை எப்போது திறப்பது என்பதை எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, மூச்சுத்திணறல் என்றுதான் தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக இப்படி வந்தால் எல்லோரும் உடனே திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். பொருளை எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், பக்கத்தில் பூச்சிமருந்து வைத்திருக்கலாம் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊரில் என்றால் 108.