வேண்டாம் என்று சொன்ன ஒலிவியா

சினிமாத் துணுக்குகளில் ஒரு வகை உண்டு. இந்த நடிகை வேண்டாம் என்று விட்ட வேடத்தில் அந்த நடிகை நடித்து ஆஸ்கர் வாங்கினார் என்கிற வகை. படிக்க சுவாரசியமாத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே கணக்கு தப்பியிருக்கே என்று நமக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஒலிவியா டி ஹாவிலண்ட் இந்தப் பட்டியல்களில் அடிக்கடி வருவார். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தின் பிளாஞ்ச் வேடத்தை அவர் மறுத்தார், விவியன் லீ அதில் நடித்து 1952-ல் ஆஸ்கர் வாங்கினார் என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். ஒலிவியா உண்மையிலேயே விலை கொடுத்து மறுத்த வேடங்கள் வேறு. அவை எந்தப் பட்டியலிலும் வராது. ஏன்னா அந்தப் படங்கள் பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் ஒரு நடிகை ஒரு வேடத்தை மறுக்கலாம் என்பதே அந்த மறுப்புகளால்தான் சாத்தியமாச்சு.

இதைப் புரிஞ்சுக்க 1930-களின் ஹாலிவுட் எப்படி இயங்கியது என்று கொஞ்சம் பார்க்கணும். அப்போது நடிகர்கள் படத்துக்குப் படம் பேசி நடிக்கவில்லை. ஒரு ஸ்டுடியோவில் வாரச் சம்பளத்துக்கு இருந்தார்கள். கான்ட்ராக்ட் வழக்கமாக ஏழு வருஷம். அதில் நடிகைக்கு ஏழு வருஷ வேலை உத்தரவாதம் என்று அர்த்தம் இல்லை. அவ்வப்போது, உதாரணமாக வருஷத்துக்கு ஒரு தடவை, இவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று ஸ்டுடியோ முடிவு செய்யும். ஸ்டுடியோ விலகலாம், நடிகை விலக முடியாது. எந்தப் படம், எந்த வேடம், யாருக்கு ஜோடி, எல்லாமே மேலிடத்து முடிவு. வேறு ஸ்டுடியோவுக்கு இரவல் கொடுத்தால் அங்கே வாங்கும் கூடுதல் பணமும் சொந்த ஸ்டுடியோவுக்குத்தான்.

கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்றால்? மறுக்கலாம். மறுத்தால் சஸ்பென்ஷன். சம்பளம் கிடையாது, வேறு எங்கேயும் நடிக்கவும் கூடாது. மறுத்த வேடத்தை இன்னொரு நடிகை நடித்து முடிக்கிற வரைக்கும்கூட அது நீளலாம். இதுவரைக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்ததுதான் சூட்சுமம். சஸ்பென்ஷனில் இருந்த நாட்கள் கான்ட்ராக்ட் கணக்கில் சேராது. அவ்வளவு நாளும் கடைசியில் கூட்டப்படும்.

நான் பிழைப்புக்கு புரோகிராம் எழுதுகிறவன். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது முடிவில்லாத லூப்தான். முடியும் தேதிக்குக் காத்திருக்கணும். ஆனால் நடுவில் ஒரு தடவை 'மாட்டேன்' என்றால் அந்தத் தேதியே தள்ளிப்போகும். ஏழு வருஷமும் எதையும் மறுக்காமல் கொடுத்ததையெல்லாம் நடித்தவருக்கு மட்டும்தான் ஏழு வருஷத்தில் விடுதலை.

இதை எதிர்த்து முதலில் பெரிய அளவில் மோதிய நடிகை பெட்டி டேவிஸ். அவரும் வார்னர் பிரதர்ஸ்தான். 1936-ல் 'காட்ஸ் கன்ட்ரி அண்ட் த வுமன்' என்ற படத்தில் நடிக்க மறுத்து, இங்கிலாந்துக்குப் போய் வேறொரு தயாரிப்பாளருக்கு ஒப்புக்கொண்டார். வார்னர் லண்டன் நீதிமன்றத்தில் தடை கேட்டது. பெட்டி டேவிஸ் தோற்றார். வார்னருக்கு நடித்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை. மற்றவர்களுக்குப் படம் நடிக்கக்கூடாது என்று மட்டும் தடுத்தது. வேறு வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாமே என்பது வாதம். நடிகைக்கு நடிப்பைத் தவிர எல்லா வேலையும் திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் படித்தவர்களுக்கு இந்த வழக்கு பரிச்சயமாக இருக்கும். அவருடைய திருமணப் பெயரில் 'வார்னர் எதிர் நெல்சன்' என்று ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் வரும்.

பெட்டி டேவிஸ் ஹாலிவுட் திரும்பினார். ஜாக் வார்னர் அவரைப் பழிவாங்கவில்லை, முன்னைவிட நல்ல வேடங்களே வந்தன. 'ஜெஸபெல்' (1938) அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைத் தந்தது. ஆனால் அது முதலாளியின் பெருந்தன்மை. உரிமை என்று எதுவும் கிடைத்துவிடவில்லை.

ஒலிவியா இதையெல்லாம் அதே ஸ்டுடியோவுக்குள் இருந்து பார்த்தவர். 1916-ல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பவுலில் போட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மாற்று நடிகைக்கு மாற்றாகச் சேர்ந்து, கடைசியில் மேடையேறி, அப்படியே 18 வயசில் வார்னருக்குள் வந்தார். வந்ததும் எரால் ஃப்ளின்னுக்கு ஜோடியாக்கினார்கள். 'கேப்டன் பிளட்' (1935), 'த அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938) என்று மொத்தம் எட்டுப் படம். ஃப்ளின் வாள் சுழற்றுவார். இவர் ஜன்னலோரம் கவலையோடு நிற்பார். கொஞ்சம் மிகைதான், ராபின் ஹூட்டில் அவர் நன்றாகவே இருப்பார். இருந்தாலும் எட்டுப் படத்துக்கும் சேர்த்து அவர் செய்ய இருந்த வேலை அதிகமில்லை.

நல்ல வேடம் வந்ததெல்லாம் வெளியிலிருந்துதான். 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனி வேடம் அவரைத் தேடி வந்தபோது ஜாக் வார்னர் இரவல் தர மறுத்தார். ஒலிவியா அவர் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துப் பேசி, அவர் வழியாகக் காரியத்தைச் சாதித்தார். நம்ம ஊர் ஆபீஸ்களில் லீவு வாங்குகிற டெக்னிக் மாதிரி இருக்கில்ல? மெலனிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1941-ல் பாராமவுண்டுக்கு இரவலாகப் போய் நடித்த 'ஹோல்ட் பேக் த டான்' படத்துக்கும் பரிந்துரை. அந்த வருஷம் அவரைத் தோற்கடித்தது சொந்தத் தங்கை ஜோன் ஃபான்டெய்ன்.

வெளியில் போனால் ஆஸ்கர் பரிந்துரை, வீட்டுக்கு வந்தால் பழைய மாதிரி அழகுப் பதுமை. ஒலிவியா மறுக்க ஆரம்பித்தார். சஸ்பென்ஷன்கள் வந்தன. அவருடைய ஏழு வருஷக் கான்ட்ராக்ட் 1936 மே 5-ல் தொடங்கியது, ஆக 1943 மே 5-ல் முடிந்திருக்கணும். ஸ்டுடியோ கணக்குப்படி முடியவில்லை, இன்னும் ஏறக்குறைய ஆறு மாசம் பாக்கி.

மார்ட்டின் காங் என்ற வக்கீல் அவருக்கு ஒரு பழைய கலிஃபோர்னியச் சட்டத்தைக் காட்டினார். ஒருவர் தன் உழைப்பை இன்னொருவருக்கு ஒப்பந்தம் போட்டு எழுதிக்கொடுத்தால், அதை எவ்வளவு காலம் வரை அவர்மேல் அமல்படுத்தலாம் என்று உச்சவரம்பு வைக்கும் பிரிவு அது. 1872-ல் வந்தபோது வரம்பு இரண்டு வருஷம். 1919-ல் ஐந்தாச்சு, 1931-ல் ஏழாச்சு. பிறகு தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855-ஆம் பிரிவானது. வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் அமல்படுத்த முடியாது என்று அதில் இருக்கு.

ஏழு ஆண்டு என்றால் எந்த ஏழு ஆண்டு? வழக்கே இந்தக் கேள்விதான். உண்மையில் வேலை செய்த நாட்களைக் கூட்டி வரும் ஏழு ஆண்டு என்றது வார்னர். காலண்டரில் ஓடும் ஏழு ஆண்டு என்றார் காங். 1943 ஆகஸ்ட் 23-ல் வழக்குப் போட்டார்கள். ஒலிவியாவுக்கு 27 வயசு.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அவரை அடங்காத, கெட்டுப்போன நட்சத்திரமாகக் காட்டப் பார்த்தது. இன்ன படத்தில் நடிக்க முடியாது என்று முரண்டு பிடித்தீர்கள்தானே என்ற மாதிரிக் கேள்விகள். முரண்டு பிடிக்கவில்லை, பணிவாக மறுத்துக்கொண்டேன் என்பதே தன் பதிலாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். காங் அவரைக் கோபப்படாமல் இருக்கச் சொல்லித் தயார் செய்திருந்தார்.

1944 மார்ச்சில் கீழ்க் கோர்ட் ஒலிவியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. வார்னர் அப்பீல் போனது. அதோடு நிற்காமல், இவர் இன்னும் எங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று மற்ற ஸ்டுடியோக்களுக்குக் கடிதமும் அனுப்பியது. அதுக்கப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்? ஏறக்குறைய இரண்டு வருஷம் அவருக்குப் படமே இல்லை. ஒரு நடிகைக்கு 27, 28 வயசில் இரண்டு வருஷம் திரையில் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய பந்தயம் என்று அன்றைய ஹாலிவுட்டில் எல்லாருக்கும் தெரியும். தோற்றிருந்தால் பழைய சம்பளத்துக்கு ஜாக் வார்னரிடமே திரும்பிப் போயிருக்கணும், பாக்கி நாட்கள் இன்னும் கூடியிருக்கும்.

அந்த இடைவெளியில் அவர் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். அலாஸ்கா பக்கத்துத் தீவுகள், தென் பசிபிக் என்று காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே சுற்றினார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே ஆஸ்பத்திரியில் படுத்தார்.

1944 டிசம்பர் 8-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. ஏழு ஆண்டு என்றால் காலண்டர் ஆண்டுதான் என்றது. இந்தப் பாதுகாப்பை ஒரு தொழிலாளி தானே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் செல்லாது, ஏன்னா இது பொதுநலனுக்கான சட்டம் என்றும் சொன்னது. எனக்குப் பிடித்தது அதன் காரணம். ஏழு வருஷத்தில் ஒருத்தருடைய திறமையும் அனுபவமும் வளர்ந்திருக்கும்; பழைய விலைக்கே கட்டிப்போடாமல், இன்றைய மதிப்புக்கு வெளியில் போய்க் கேட்க அவருக்கு வழி இருக்கணும். வேலையில் சேரும்போது பாண்ட் எழுதிக்கொடுத்த நம்ம பசங்க இதை ஒரு தடவை படிக்கணும். 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வார்னரின் மனுவை விசாரிக்கவே மறுத்தது. அதோடு முடிந்தது.

இதன் பலன் அவர் ஒருவருக்கு மட்டும் போகவில்லை. உலகப்போரில் பட்டாளத்துக்குப் போன நடிகர்கள் இருந்தார்கள். வார்னரின் கணக்கு நின்றிருந்தால் அவர்கள் போர்க்களத்தில் இருந்த காலத்தையும் கான்ட்ராக்டில் கூட்டியிருக்கலாம்.

சரி, விடுதலை வாங்கி என்ன செய்தார்? 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946) படத்தில், பெற்ற பிள்ளையை வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு தாயாக, இளம்பெண்ணிலிருந்து நடுவயது வரை நடித்து முதல் ஆஸ்கர் வாங்கினார். மனநல விடுதி நோயாளியாக நடித்த 'த ஸ்நேக் பிட்' (1948) படத்துக்காக அந்த மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கே போய்ப் பார்த்துத் தயார் செய்தார்; அதற்கும் பரிந்துரை. 'த ஏரஸ்' (1949) ஒருபடி மேல். நியூயார்க்கில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக்கலாம் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் போய்ச் சொன்னதே ஒலிவியாதான். இரண்டாவது ஆஸ்கர். மூன்றும் வார்னருக்கு வெளியே எடுத்தவை. 'ஏரஸ்' படத்தின் கடைசியில் அவர் கையில் விளக்கோடு மாடிப்படி ஏறும் காட்சியை மட்டுமாவது பாருங்கள். ஃப்ளின்னுக்குப் பக்கத்தில் நின்ற அதே பெண்ணா என்று இருக்கும்.

இந்த உச்சத்தில்தான் பிளாஞ்ச் வேடம் வந்தது. கொச்சையான வசனங்களும் விஷயமும் பிடிக்காமல் மறுத்தார் என்று ரொம்ப நாள் ஒரு கதை ஓடியது. 2006-ல் அவரே அதை மறுத்தார். அப்போதுதான் குழந்தை பெற்றிருந்தேன், அந்த அனுபவம் என்னை மாற்றியிருந்தது, அந்தக் கதையோடு ஒட்ட முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மகன் பிறந்தது 1949 செப்டம்பரில், தேதிகள் பொருந்துகின்றன. பத்து வருஷம் முன்னால் இதே காரணத்தைச் சொல்லியிருந்தால் சஸ்பென்ஷன் கடிதம் வந்திருக்கும். இப்போது வேண்டாம் என்றார், தயாரிப்பாளர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார், அவ்வளவுதான். துணுக்கு எழுதுகிறவர்கள் இதைத் தவறவிட்ட வாய்ப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2855-ஆம் பிரிவு இன்றும் அமலில் இருக்கு, டி ஹாவிலண்ட் சட்டம் என்றே பெயர். 2008-ல் இசைக் கம்பெனியோடு மோதிய 'தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்' குழு, 3 கோடி டாலர் நஷ்டஈடு கேட்ட வழக்கில், இதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் இசைக்கு மட்டும் 1987-ல் ஒரு விதிவிலக்கைச் செருகியிருந்தார்கள்: ஏழு வருஷம் முடிந்து பாடகர் வெளியேறலாம், ஆனால் தருவதாகச் சொல்லித் தராத ஆல்பங்களுக்கு கம்பெனி நஷ்டஈடு கேட்கலாம். அதாவது கதவு திறந்திருக்கும், வாசலில் பில்லோடு ஆள் நிற்பார். இதை நீக்க 2022-ல் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது. நிறைவேறவில்லை. ஒலிவியா அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020 ஜூலையில், பாரிஸில் 104 வயசில் காலமாகியிருந்தார்.