அடித்தட்டு சொல்லும் வரலாறு

உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பொம்மைக் கார் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அதன் அடித்தட்டில் காரின் பெயரும், செய்த நிறுவனத்தின் பெயரும், செய்யப்பட்ட நாட்டின் பெயரும் சிறு எழுத்துகளில் புடைத்து நிற்கும். 'மாட்ச்பாக்ஸ்' கார்களை எடுத்துக்கொண்டால், பழையவற்றில் இங்கிலாந்து என்றிருக்கும். பிற்பட்டவற்றில் மக்காவ், சீனா, தாய்லாந்து என்று இடம் மாறிக்கொண்டே போகும். இவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். ஒரு காரின் காலத்தையும் மதிப்பையும் அறிய அவர்கள் நாடுவது இந்த அடித்தட்டைத்தான்.

ஒரே பெயர் கொண்ட கார் ஏன் இத்தனை நாடுகளில் பிறந்தது? இக்கேள்விக்கு விடை தேடினால் உலோகவியலும் தொழில் வரலாறும் ஒன்றாகக் கலந்த கதை கிடைக்கிறது. அக்கதையில் காரைவிட முக்கியமானது அதை வார்த்தெடுக்கும் எஃகு அச்சு.

எழுத்து வார்ப்பிலிருந்து பொம்மை

1893-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. சலவைத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்றை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் டௌஸ்ட் என்பவர் அங்கே லைனோடைப் பொறியைக் கண்டார். பத்திரிகைக்கு எழுத்துக் கோப்பதற்கான பொறி அது. உருகிய காரீயக் கலவையை அச்சினுள் பாய்ச்சி, ஒரு வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்துத் தள்ளும். எழுத்தை வார்க்கும் பொறி பொத்தானை வார்க்காதா? டௌஸ்ட் சகோதரர்கள் பொத்தான்களையும் சிறு அணிகளையும் வார்க்கத் தொடங்கினர். 1910-களில் சிறு மோட்டார் கார்களும் வந்தன. 'டூட்ஸிடாய்' என்ற பெயரில் அவை புகழ்பெற்றன.

லிவர்ப்பூல் நகரத்தின் பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்ட 'மெக்கானோ' விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றவர். அவருடைய நிறுவனம் பொம்மை ரயில்களையும் செய்தது. ரயில் நிலையம் இருந்தால் அதன் வாசலில் கார்கள் நிற்கவேண்டுமல்லவா? அதற்காக 1933-இன் இறுதியில் சில சிறு வண்டிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. ரயிலுக்குத் துணையாக வந்த கார், சில ஆண்டுகளில் ரயிலை விஞ்சும் புகழ் பெற்றது.

துத்தநாகம் ஏன்?

முதலில் வந்த வண்டிகள் காரீயக் கலவையால் ஆனவை. காரீயம் எளிதில் உருகும். ஆனால் மென்மையானது, கனமானது, நச்சுத்தன்மை உடையது. துத்தநாகம் உறுதியானது, 419° செ. வெப்பநிலையில் உருகிவிடும். ஆயினும் ஒரு தொல்லை உண்டு. உருகிய தூய துத்தநாகம், அதைத் தாங்கும் இரும்பையே அரித்துவிடும். ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்த்தால் அந்த அரிப்பு பெரிதும் குறைகிறது. உருகுநிலையும் 380° செ. அளவுக்கு இறங்குகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929-இல் இத்தகைய கலவைகளை உருவாக்கி 'ஸமாக்' என்று பெயரிட்டது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. இங்கிலாந்தில் அதுவே 'மஸாக்' எனப்பட்டது.

வார்க்கும் முறை எளியது. உருகிய உலோகத் தொட்டியினுள்ளேயே ஓர் உந்துதண்டு மூழ்கியிருக்கும். அது அழுத்தும்போது உலோகம் வளைந்த குழாய் வழியே மேலேறி, இரண்டு பாதிகளாக மூடியிருக்கும் எஃகு அச்சினுள் பாயும். சில நொடிகளில் உறைந்துவிடும். அச்சு திறந்ததும் சிறு ஊசிகள் வார்ப்பை வெளியே தள்ளும். காரின் உட்புறத்தில் தெரியும் வட்டத் தழும்புகள் அந்த ஊசிகள் பட்ட இடங்களே.

உதிர்ந்துபோகும் கார்கள்

1930-களில் செய்யப்பட்ட டிங்கி கார்கள் பலவற்றுக்கு ஒரு விந்தையான நோய் கண்டது. பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தாலும் அவை வீங்கின, வளைந்தன, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றின, இறுதியில் தொட்டால் உதிரும் துண்டுகளாயின. சேகரிப்போர் இதைத் 'துத்தநாக நோய்' என்பர்.

இதன் காரணத்தைப் படிகங்களின் அமைப்பில் காணவேண்டும். உலோகம் உறையும்போது எண்ணற்ற சிறு படிகங்களாக உறைகிறது. காரீயம் திண்மத் துத்தநாகத்தில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. ஆகவே படிகங்கள் வளரும்போது அது ஒதுக்கப்பட்டு, படிகங்களுக்கு இடையேயுள்ள எல்லைகளில் போய்த் தங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் அந்த எல்லைகளின் வழியே உள்ளே புகுந்து அரிக்கிறது. அரிப்பால் உண்டாகும் சேர்மங்களின் பருமன் உலோகத்தைவிட மிகுதி. எனவே சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்று போல், அவை படிகங்களைப் பிளந்து தள்ளுகின்றன.

இதில் ஒரு முரணும் உண்டு. அலுமினியம் சேராத துத்தநாகத்தைக் காரீயம் இவ்வாறு கெடுப்பதில்லை. வார்ப்பை எளிதாக்கிய அதே அலுமினியந்தான் காரீயத்தின் தீங்குக்கும் வழிவிட்டது! மிகச் சிறிதளவு மக்னீசியம் சேர்ப்பது இத்தீங்கைத் தடுக்க உதவுகிறது.

எவ்வளவு காரீயம் இருந்தால் கேடு? ஏறத்தாழ 0.005 விழுக்காடு என்பதே இன்று ஏற்கப்படும் மேல்வரம்பு. அதாவது 100 கிலோகிராம் கலவைக்கு 5 கிராம். காரீயமும் துத்தநாகமும் ஒரே கூரையின்கீழ் உருக்கப்படும் ஆலையில், தவறி விழுந்த ஒரு சிறு காரீயத் துண்டு ஒரு கொப்பரை உலோகம் முழுவதையும் கெடுத்துவிடும்.

இதற்கு மாற்று இயற்பியலே தந்தது. துத்தநாகத்தின் கொதிநிலை 907° செ.; காட்மியத்தின் கொதிநிலை 767° செ.; காரீயத்திற்கோ 1749° செ. ஆகவே துத்தநாகத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் காரீயம் அடியில் நின்றுவிடும். மறுமுறை வடிக்கும்போது காட்மியம் முந்திக்கொண்டு வெளியேறும். இவ்வாறு 99.99 விழுக்காடு தூய துத்தநாகம் கிடைக்கிறது. தூய உலோகமும் ஆலையில் கண்டிப்பும் சேர்ந்தபின், போருக்குப் பிந்திய கார்களில் இந்நோய் அரிதாயிற்று.

தீப்பெட்டிக்குள் ஒரு கார்

1947-இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இருவர் வட லண்டனில் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் அச்சு வார்ப்புத் தொழில் தொடங்கினர். இருவரும் உறவினர் அல்லர். தம் பெயர்களை இணைத்து நிறுவனத்திற்கு 'லெஸ்னி' என்று பெயரிட்டனர். அச்சுக் கலையில் வல்லவரான ஜாக் ஓடெல் அவர்களுடன் சேர்ந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைகளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். தந்தை தீப்பெட்டிக்குள் அடங்கும் சாலை உருளை ஒன்றைச் செய்து தந்தார். அதிலிருந்தே 1953-இல் மாட்ச்பாக்ஸ், அதாவது தீப்பெட்டி வரிசை பிறந்தது. பெட்டியின் அளவுக்கேற்ப வண்டி சுருக்கப்பட்டதால் பேருந்துக்கு ஓர் அளவு, காருக்கு ஓர் அளவு என்றிருந்தது.

சுருக்குவதில் ஒரு கணக்கைப் பாருங்கள். நீளம் 64-இல் ஒரு பங்கானால், கனம் 64 × 64 × 64, அதாவது 2,62,144-இல் ஒரு பங்காகும். 1000 கிலோகிராம் கார் 4 கிராமுக்கும் குறைவாகிவிடும். பொம்மையோ அதைப்போல் பல மடங்கு கனக்கிறது. மெய்க்காரின் தகட்டை அதே அளவில் சுருக்கினால் காகிதத்தைவிட மெலிந்துவிடும். வார்க்கும்போது உலோகம் அவ்வளவு மெல்லிய இடுக்கில் பாயாது. ஆகவே பொம்மையின் சுவர் மிகத் தடிப்பாக அமைகிறது.

1968-இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' கார்களை வெளியிட்டது. அவற்றின் அச்சாணி மெல்லிய கம்பி. உராய்வின் திருப்புத்திறன் அச்சாணியின் ஆரத்தைப் பொறுத்தது. ஆணி மெலிந்தால் தடையும் குறையும். அக்கார்கள் சரிவில் பறந்தன. தடித்த அச்சாணி கொண்ட மாட்ச்பாக்ஸ் கார்கள் பின்தங்கின. 1969-இல் லெஸ்னி நிறுவனமும் மெல்லிய அச்சாணிக்கு மாறவேண்டியதாயிற்று.

அச்சின் பயணம்

எஃகு அச்சு ஒன்றை வெட்டித் தேர்ந்த கைவினைஞர் பல மாதங்கள் உழைக்கவேண்டும். ஆனால் துத்தநாகம் தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதால் அந்த அச்சு விரைவில் தேய்வதில்லை; இலட்சக்கணக்கான வார்ப்புகளைத் தரும். வார்ப்புக்கு ஆகும் செலவு சிறிது. பிசிறு நீக்குதல், வண்ணம் பூசுதல், சக்கரம் பொருத்துதல் ஆகியவற்றுக்கே கைகள் மிகுதியாக வேண்டும். அச்சைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றலாம். தொழிலாளரை அவ்வாறு அனுப்ப இயலாது. எனவே கூலி குறைந்த இடத்தை நோக்கி அச்சுகள் நகர்ந்தன.

பிரிட்டனின் மூன்று பெரும் நிறுவனங்களும் நான்கே ஆண்டுகளில் சரிந்தன. லிவர்ப்பூல் டிங்கி ஆலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இல் நொடித்து ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. மாட்ச்பாக்ஸ் அச்சுகள் மக்காவுக்குச் சென்றன. ஸ்வான்ஸீ நகரில் 'கோர்கி' கார்களைச் செய்த மெட்டாய் நிறுவனம் 1983-இல் வீழ்ந்தது. நாணய மதிப்பின் ஏற்றம், உயர்ந்த வட்டி, வணிக மந்தம், கிழக்காசியப் போட்டி ஆகிய யாவும் சேர்ந்து தாக்கின. அடித்தட்டில் ஒரு சொல் மாறியபோது, ஓர் ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பும் மாறிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

அச்சுகள் நம் நாட்டிற்கும் வந்தன. 1960-களின் இறுதியில், ஓய்வு கொடுக்கப்பட்ட டிங்கி அச்சுகள் சில கல்கத்தாவை அடைந்தன. அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி டாய்ஸ்' எனப்பட்டன. இன்று உலகச் சேகரிப்போர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

பெரிய கார்களின் கதையும் இதுவே. ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார், அதே கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் அம்பாசிடராக மறுபிறவி எடுத்து 2014 வரை வாழ்ந்தது. கவென்ட்ரியின் டிரயம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தரும் ஆலை கிடைக்காததால், தனிச் சட்டகத்தின்மேல் பகுதி பகுதியாகத் திருகி இணைக்கும்படி வடிவமைக்கப்பட்ட கார் அது. அந்த அமைப்பே தொலைநாட்டில் அதைப் பூட்டுவதை எளிதாக்கியது. இங்கிலாந்தில் விற்பனைக்கு வராத நான்கு கதவு ஹெரால்டு இங்கேதான் உருவாயிற்று! அச்சும் வரைபடமும் வெளியிலிருந்து வந்தாலும், அவற்றைக் கையாண்டு கற்றவர் புதியதைப் படைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

சேகரிப்போர் கவனத்திற்கு

துத்தநாக நோய் வந்த காரைக் குணப்படுத்த வழியில்லை. அதன் வேகத்தைக் குறைக்கலாம். ஈரமும் வெப்பமும் அதன் நண்பர்கள். நம் கடலோர ஊர்களில் கார்களைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைப்பது நல்லது. சில வகை மரங்களும் ஒட்டுப் பலகைகளும் அமில ஆவியை வெளிவிடும், அவை ஆகா. இந்நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை.

ஒவ்வொரு காருக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். அடித்தட்டிலுள்ள நாடு, எண், அச்சாணியின் தடிப்பு, கிடைத்த இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். லிவர்ப்பூல் ஆலையும் உத்தரபாரா ஆலையும் இன்று கார் செய்வதில்லை. அங்கு உழைத்தவர்களின் கைத்திறனுக்கு எஞ்சியுள்ள சான்றுகளுள், நம் அலமாரியில் நிற்கும் இந்தச் சிறு வார்ப்புகளும் சில. அவை உதிர்ந்து போகுமுன் அவற்றின் அடித்தட்டைப் படித்து வைப்போம்.