கோடிங் தெரியாமலே வீடியோ கேம் உருவாக்கலாம்: தமிழும் தெலுங்கும் புழங்கும் சித்தூர், திருப்பதி மாணவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது என்ன?

திருப்பதி: வீடியோ கேம் உருவாக்குவது இன்று கணினிப் பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய வேலையாக இல்லை. நிரல் எழுதத் தெரியாத பள்ளி மாணவரும் சிறிய விளையாட்டு ஒன்றைச் செய்து முடிக்க உதவும் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நகரி, குப்பம், சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. அங்குள்ள ஒரு மாணவர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, தாம் தட்டச்சு செய்யும் எழுத்து திரையில் உடையாமல் தெரியுமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

தொடக்கம் ஸ்கிராட்ச்

அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட ஸ்கிராட்ச், முதல் முறை முயல்வோருக்கு இன்றும் ஏற்றது. இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் உருவங்கள் நகரும், பேசும், மோதும். பிரவுசரிலேயே இயங்கும். இணையம் இல்லாத இடங்களுக்கென கணினியிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் நிறுவும் செயலியும் உண்டு.

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் இத்தகைய பயிற்சியைப் பெற வாய்ப்புள்ளது. 2020 ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே கேம் உருவாக்கக் கற்பதற்கான பாடத்தொகுப்பையும் இத்திட்டம் வெளியிட்டது.

முதல் விளையாட்டுக்குப் புதிய கதை தேடி அலைய வேண்டியதில்லை. தமிழில் பரமபதம் என்றும் தெலுங்கில் வைகுண்டபாளி என்றும் அழைக்கப்படும் ஏணி, பாம்பு ஆட்டமே போதுமானது. 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் கட்டை பகடையாகிவிடும். காய் நிற்கும் கட்டத்தின் எண்ணை ஒரு மாறியில் சேமித்து, அந்த எண்ணில் பாம்பு இருந்தால் கீழே இறக்க வேண்டும், ஏணி இருந்தால் மேலே ஏற்ற வேண்டும். மொத்தக் கட்டங்கள் படத்துக்குப் படம் மாறுவதால், வீட்டில் உள்ள பழைய படத்தையே அளவாகக் கொள்ளலாம்.

ஆடு புலி ஆட்டம் சற்றுக் கடினமானது. 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள் கொண்ட அந்தப் பலகையில், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு நகரலாம் என்ற பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். கணினியைத் தொடும் முன் அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்வதே நல்லது.

எழுத்து உடைவது எங்கே?

'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவில் 'க' என்ற எழுத்தும் ஒகரக் குறியும் அடுத்தடுத்தே இருக்கும். குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் முன்னும் பின்னும் வரைவது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யாத மென்பொருளில் சொல் சிதைந்து தெரியும். 'கு' என்பதில் உகரக் குறி தனியாக நிற்கும். எழுத்தின் அடியில் ஒத்தெழுத்து அமரும் தெலுங்கில் சிதைவு இன்னும் மோசமாக இருக்கும்.

அர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் திறமூல மென்பொருளான கோடோ இதற்கு நல்ல உதாரணம். 2023 மார்ச்சில் வெளியான அதன் 4ஆம் பதிப்பில்தான் இத்தகைய எழுத்துகளை முறையாக அடுக்கும் வசதி சேர்ந்தது. பழைய பயிற்சி வீடியோக்களைப் பார்த்து 3ஆம் பதிப்பை நிறுவுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவும் இந்திய எழுத்துகளைத் தானாகச் சரியாக அடுக்குவதில்லை.

கதையை வாசித்து முடிவுகளைத் தேர்ந்தெடுக்கும் வகை விளையாட்டுக்கு, கிரிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் போதும். அதன் வெளியீடு ஒரு சாதாரண இணையப் பக்கம் என்பதால், எழுத்தைக் காட்டும் வேலையை பிரவுசரே கவனித்துக்கொள்ளும். எந்த மென்பொருளானாலும், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் தெலுங்கு ஆகிய இலவச எழுத்துருக்களைச் சேர்த்து, இரு மொழியிலும் சில சொற்களை இட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

செலவும் உரிமமும்

ஸ்கிராட்ச், ட்வைன், கோடோ ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. நிரல் எழுதாமல் நிகழ்வு, செயல் என்ற முறையில் இயங்கும் ஜிடெவலப் செல்போனிலும் கிடைக்கிறது. இலவசக் கணக்கில் சில வரம்புகள் உண்டு. 1999இல் நெதர்லாந்துப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் தொடங்கிய கேம்மேக்கர், 2023 முதல் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். உலகப் புகழ்பெற்ற 'அண்டர்டேல்' அதில் உருவானதே.

உரிம விதிகளைப் படிக்காமல் விடுவது ஆபத்து. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட அளவைத் தாண்டும் விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஓராண்டுக்குப் பின், 2024 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் பலர் கோடோவுக்கு மாறிவிட்டனர்.

சமையலறையிலிருந்து பாஃப்டா வரை

சிறு குழுவும் பெரிய விருதைப் பெற முடியும் என்பதற்குச் சான்று 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இது, 1980களில் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி முதலான சமையல் வழியே சொல்கிறது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் உயரிய பரிசையும் வென்றது.

செய்து முடித்த விளையாட்டை இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். கூகுள் பிளே ஸ்டோரில் வெளியிட ஒரு முறை 25 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். புதிய தனிநபர் கணக்கு எனில், 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்.