தனி ஆளுக்கு வீடில்லை

பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு தேடுகிறவர்களிடம் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. "குடும்பமா, தனி ஆளா?" தனி ஆள் என்றால், "மேனேஜ்மெண்ட் விடமாட்டாங்க தம்பி, அபராதம் போட்டுருவாங்க" என்று பதில் வரும். இந்த ஊரில் நின்றுகொண்டு இப்படிக் கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். தனி ஆட்கள் வந்து உருவாக்கிய ஊர் இது.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவையும் ரயில் இணைத்தது. அந்த வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிகளும், தமிழ்நாட்டிலிருந்து கூலிகளும் வந்தார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் துணையில்லாத ஆண்கள். கல்யாணமாகாத கிராணிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, சமையலுக்கு ஆள் வைத்து, செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதற்குப் பெயர் 'சம்மரி'. ஊருக்குப் போய்த் தாலி கட்டி மனைவியோடு திரும்பினால்தான் தனிக் குடித்தனம்.

தோட்டத்து லயத்திலும் ஒண்டி ஆட்கள் ஓர் அறையில் சேர்ந்து கிடந்தார்கள். கல்யாணம் ஆச்சா என்று துரை கேட்கவில்லை, அவருக்குத் தேவை கைகள். வேலை போனால் அறையும் போகும். இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. தனியாக வந்த பெண்ணுக்குச் சம்மரியில் இடமே கிடையாது.

1938இல் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலிகள் வருவதை இந்திய அரசு நிறுத்தியது. இங்கிருந்தவர்கள் குடும்பம் குட்டியோடு நிலைத்தார்கள். தனி ஆள் ஊரின் இயல்பாக இருந்தது மாறி, ஊருக்குச் சந்தேகமானது அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

சரி, அந்த அபராதம்? 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, உரிமையாளர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டுக் கூடுதல் விதிகள் வகுக்கலாம். மீறினால் 200 வெள்ளிக்கு மேற்போகாத அபராதமும் விதிக்கலாம். ஆனால் அதே 70ஆம் பிரிவு, வீட்டை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் அந்த விதிகள் தடுக்க முடியாது என்கிறது.

இது மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில் உரசிப் பார்க்கப்பட்டது. ஏர்பிஎன்பி போன்ற குறுகியகால வாடகையை அங்கே நிர்வாகக் கழகம் தடைசெய்தது. உரிமையாளர்கள் 70ஆம் பிரிவைக் காட்டினார்கள். 2020இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தின் பக்கம் நின்றது. சில நாள் தங்குவது வெறும் அனுமதி, அது வாடகைக் குடியிருப்பே அல்ல, ஆகவே அந்தப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்பது காரணம்.

பலர் இந்தத் தீர்ப்பைத் தனி ஆட்களுக்கு எதிரானதாகப் படிக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தெரிகிறது. ஒரு வருட ஒப்பந்தம் போட்டுக் குடியிருப்பவர் வாடகைக் குடியிருப்பாளர்தானே? அறையைப் பலகை வைத்துத் தடுத்தாலோ, இரவில் கூச்சல் போட்டாலோ மேனேஜ்மெண்ட் கேட்கட்டும், நியாயம். கல்யாணமாகவில்லை என்பதற்காக வாடகையைத் தடுக்க அந்த விதிகளுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது? அடுத்த முறை, "எந்த விதி, காட்டுங்க அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரர் தாமாகவே மாட்டேன் என்றால் அது வேறு கதை, அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு சட்டம் வரும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். விளம்பரங்களில் 'குடும்பம் மட்டும்' என்பதற்குப் பக்கத்திலேயே எந்த இனம் வேண்டும், எந்த இனம் வேண்டாம் என்பதும் இருக்கும்.