ஊட்டி சீசன் போட்டோ கடை

ஊட்டி கடைவீதிக்கு வருமானம் என்றால் ஏப்ரலும் மேயும்தான். மலர்க் காட்சி முடிவதற்குள் கல்லா நிறைந்தால்தான் மழைக்கால வாடகைக்குப் பணம் மிஞ்சும். செப்டம்பரில் தொடங்கும் இரண்டாவது சீசன் வெறும் கொசுறு. அப்படி இரண்டே மாதத்தில் ஆண்டு முழுமைக்குமான சாப்பாட்டைத் தேடிக்கொண்டிருந்த போட்டோ கடை இப்போது இல்லை.

தாவரவியல் பூங்காவிலும் படகு இல்லத்திலும் கழுத்தில் கேமராவோடு நின்றார்கள் போட்டோக்காரர்கள். புதுமணத் தம்பதி கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். புடவைக்கு மேலேயே ஜிகினா வைத்த காஷ்மீர் உடுப்பு, கையில் பிளாஸ்டிக் பூக்கூடை. "அக்கா, தலையைக் கொஞ்சம் சாய்ங்க. சார், சிரிக்கவே மாட்டீங்களா?" (நீலகிரியில் எதற்குக் காஷ்மீர் உடுப்பு என்று யாரும் கேட்டதில்லை.) அன்றைக்கே ஊர் திரும்புகிறவர்கள் பணத்தையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள், படம் பின்னால் தபாலில் வரும். முன்பின் தெரியாதவரை நம்பி நடந்த வியாபாரம் அது. அதில் ஏமாந்தவர்களும் உண்டு.

பிலிமும் ஊட்டிக்கு அந்நியமில்லை. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் இந்து நகரில் உற்பத்தி செய்தது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கிருந்தே போயின. எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடுகிறோம்; அந்த ஆலை நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட 1990-களில் கேமரா வைத்த செல்போன் நம் நாட்டுக்கு வரவேயில்லை. இறக்குமதி பிலிமும் கடன் சுமையும் அதை முன்பே சாய்த்துவிட்டன. கடைகளைச் சாய்த்தது மட்டும் செல்போன்.

கூட்டம் குறைந்து கடை மூடியிருந்தால் மனம் ஆறியிருக்கும். கூட்டமோ பெருத்து, 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வைக்கும் நிலை வந்தது. வந்தவர் எல்லாரும் கையில் கேமராவோடு வந்தார்கள், அவ்வளவுதான். பிலிம் ரோல் விற்ற கடை மெமரி கார்டு விற்றது, பிறகு சார்ஜர், இன்று ஹோம்மேட் சாக்லேட்.

உங்கள் வீட்டுப் பீரோவில் காஷ்மீர் உடுப்பில் அம்மாவும் விறைத்து நிற்கும் அப்பாவும் இருந்தால், பசை ஆல்பத்திலிருந்து பக்குவமாக எடுத்து, பின்பக்கம் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். நெகட்டிவ் கேட்டுப் போக இனி கடை இல்லை.