டிஃபனி எதிர் ஈபே

டிஃபனி எதிர் ஈபே என்பது, இணையச் சந்தை ஒன்றில் பிறர் விற்கும் போலிப் பொருட்களுக்கு அச்சந்தையை நடத்தும் நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பாகும் என்ற கேள்வியை ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்க வழக்கு ஆகும். நகை நிறுவனமான டிஃபனி இவ்வழக்கை 2004 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடுத்தது. 2008 இல் மாவட்ட நீதிமன்றமும் 2010 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வணிகக்குறி மீறல் தொடர்பில் ஈபேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. தளத்தில் போலிகள் விற்கப்படுகின்றன என்று பொதுவாக அறிந்திருப்பது மட்டும் பொறுப்பை உண்டாக்காது, எந்த விற்பனை அறிவிப்பு போலியானது என்பதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும் என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

பின்னணி

ஈபே 1995 ஆம் ஆண்டில் பியர் ஒமிடியாரால் தொடங்கப்பட்ட இணைய ஏலத் தளம் ஆகும். வழக்கு நடந்த காலத்தில் அங்கு விற்கப்பட்ட பொருட்கள் ஈபேயின் கைக்கு வரவில்லை. விற்பவர் படத்தையும் விவரத்தையும் பதிவு செய்வார். வாங்கியவருக்குப் பொருளை நேரடியாக அனுப்புவார். அறிவிப்புக் கட்டணமும் விற்பனை விலையில் ஒரு பங்கும் ஈபேக்குச் சென்றன.

முகம் அறியாத இருவரிடையே நம்பிக்கையை உருவாக்க, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையை ஈபே வைத்திருந்தது. பணம் பெற்றுக்கொண்டு பொருளை அனுப்பாதவரை இம்முறை எளிதில் காட்டிக் கொடுக்கும். ஆனால் தாம் வாங்கியது போலி என்பதை அறியாதவர் விற்பவருக்கு நல்ல மதிப்பீட்டையே அளிப்பார். எனவே திறமையாகச் செய்யப்பட்ட போலிகளைத் தடுப்பதில் இம்முறையால் அதிகம் உதவ முடியவில்லை.

டிஃபனி 1837 இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அந்நிறுவனம் தன் புதிய நகைகளைத் தன் சொந்தக் கடைகள், விலைப்பட்டியல், வலைத்தளம் ஆகியவற்றின் மூலம் மட்டுமே பொதுமக்களுக்கு விற்றது. எனினும் அசல் நகை ஒன்றை வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்வது சட்டப்படி சரியானதே. இதனால் டிஃபனி பெயர் தாங்கிய எல்லா அறிவிப்புகளையும் நீக்குவது போலிகளை மட்டுமல்லாமல் நேர்மையான விற்பனைகளையும் தடுத்துவிடும்.

இருதரப்பு வாதங்கள்

டிஃபனி 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் தன் பெயரில் ஈபேயில் விற்கப்பட்ட வெள்ளி நகைகளை வாங்கிச் சோதித்தது. முதல் முறை வாங்கியவற்றுள் 73.1 விழுக்காடும் இரண்டாம் முறை 75.5 விழுக்காடும் போலிகள் எனத் தெரிவித்தது. சோதனை முறையில் குறைகள் இருப்பதாகக் கூறிய நீதிமன்றம், விற்கப்பட்டவற்றில் கணிசமான பகுதி போலி என்பதை ஏற்றுக்கொண்டது. ஒரே நேரத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட டிஃபனி நகைகளை விற்பவரைச் சந்தேகத்துக்குரியவராகக் கருத வேண்டும் என்பது டிஃபனியின் நிலைப்பாடாக இருந்தது. இந்த எண்ணிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என நீதிமன்றம் கருதியது.

ஈபே தன் தரப்பில் பின்வரும் நடவடிக்கைகளை எடுத்துக்காட்டியது:

- ஆண்டுதோறும் 2 கோடி டாலர் வரை நம்பிக்கை, பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிட்டமை.
- ஐயத்துக்குரிய சொற்களைக் கொண்ட அறிவிப்புகளைத் தானாகக் கண்டறியும் மென்பொருளை இயக்கியமை.
- உரிமையாளர்கள் போலிகளைப் பற்றி முறையிட 'வேரோ' என்னும் திட்டத்தை நடத்தியமை.
- முறையிடப்பட்ட அறிவிப்புகளை 24 மணி நேரத்துக்குள் நீக்கியமை.

தீர்ப்புகள்

மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் சல்லிவன் 2008 சூலை 14 அன்று தீர்ப்பு வழங்கினார். 1982 இல் இன்வுட் எதிர் ஐவ்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இதற்கு அடிப்படையாக அமைந்தது. வணிகக்குறியை மீறுகிறார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், ஒருவருக்குத் தொடர்ந்து பொருள் வழங்குபவரும் அம்மீறலுக்குப் பொறுப்பாவார் என்பது அவ்விதி. முறையீடு வந்த அறிவிப்புகளை ஈபே உடனுக்குடன் நீக்கியதால் இவ்விதியின்கீழ் அது பொறுப்பாகாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

2010 ஏப்ரல் 1 அன்று இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை உறுதி செய்தது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு போலிகளைக் காணாதது போல நடிக்கும் நிறுவனம் தப்ப முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியது. வாடிக்கையாளரை இழக்கும் அச்சமே போலிகளைக் குறைக்கத் தளங்களைத் தூண்டும் என்பது அந்நீதிமன்றத்தின் கருத்துகளுள் ஒன்று. விளம்பரங்கள் மக்களை ஏமாற்றினவா என்ற ஒரு கேள்வி மட்டும் மாவட்ட நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதுவும் அதே ஆண்டில் ஈபேக்குச் சாதகமாக முடிந்தது. 2010 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.

விமர்சனங்கள்

இத்தீர்ப்பின்படி போலிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுமை பெரும்பாலும் வணிகக்குறி உரிமையாளரையே சேர்கிறது. பெரிய நிறுவனம் இதற்கெனப் பணியாளர்களை அமர்த்தலாம். சிறு உற்பத்தியாளருக்கு அது எளிதன்று. நீக்கப்பட்ட விற்பனையாளர் வேறு பெயரில் திரும்பி வரவும் கூடும். மறுபுறம், முழுப் பொறுப்பையும் தளத்தின் மேல் சுமத்தினால் தம் பழைய நகையை விற்க விரும்பும் சாதாரண மக்கள் சந்தையிலிருந்து விலக்கப்படுவர் என்ற வாதமும் உண்டு. ஏமாற்றப்பட்ட நுகர்வோர் இவ்வழக்கில் ஒரு தரப்பாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற நாடுகளிலும் பின்னாளிலும்

இதே கேள்விக்கு ஐரோப்பாவில் வேறு விடைகள் கிடைத்தன. 2008 சூன் 30 அன்று பாரிசு வணிக நீதிமன்றம், எல்விஎம்எச் குழுமத்துக்குச் சுமார் 4 கோடி யூரோ இழப்பீடு வழங்குமாறு ஈபேக்கு ஆணையிட்டது. இத்தொகை மேல்முறையீட்டில் பெருமளவு குறைக்கப்பட்டது. லோரியால் எதிர் ஈபே வழக்கில் 2011 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விற்பனையை மேம்படுத்த உதவுவது போன்ற செயலூக்கமான பங்கை ஆற்றும் தளம் பொறுப்பு விலக்கைக் கோர முடியாது எனக் கூறியது.

பின்னர் வந்த சட்டங்கள் விற்பவரை அடையாளம் காண்பதில் கவனம் செலுத்தின. இந்தியாவின் 2020 ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பனையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைத் தளங்கள் வெளியிட வேண்டும் என்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2023 சூன் மாதம் நடைமுறைக்கு வந்த இன்ஃபார்ம் நுகர்வோர் சட்டம், அதிக அளவில் விற்பவர்களின் வங்கி, வரி, தொடர்பு விவரங்களைத் தளங்கள் சரிபார்க்கக் கட்டாயமாக்கியது.

நீதிமன்றம் கட்டாயப்படுத்தாத ஒன்றை ஈபே பின்னர் ஓரளவு தானே மேற்கொண்டது. 2020 முதல் விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள், காலணிகள் போன்ற சில வகைப் பொருட்களை, வாங்கியவரைச் சென்றடையும் முன் வல்லுநர்கள் நேரில் சோதிக்கும் திட்டத்தை அந்நிறுவனம் நடத்துகிறது.

இவற்றையும் பார்க்க

- வணிகக்குறி
- மின்வணிகம்
- நுகர்வோர் பாதுகாப்பு