விழித்திருக்கும்போதே தோள்பட்டை மாற்று ஆபரேஷன்... முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை!

பாட்டியால் தலைவாரக் கை தூக்க முடியவில்லை. அப்பாவுக்குச் சட்டை மாட்டவே இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. முழங்கால் வலி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நம் வீடுகளில், தோள் வலியைத் தைலம் தேய்த்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். கடைசியில் டாக்டர், ''மூட்டு தேய்ஞ்சுபோச்சு, மாத்தணும்'' என்று சொல்லும்போது வரும் முதல் கேள்வி இதுதான்: ''மயக்கம் குடுத்தா திரும்ப எழுந்திருப்பேனா?''

முழு மயக்கம் இல்லாமலே தோள் மூட்டை மாற்ற முடியும். பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் இருந்து பெற்றோரை சென்னைக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கை மட்டும் தூங்கும்!

கழுத்திலிருந்து கைக்கு ஒரு நரம்புக் கொத்து போகிறது. அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே, கழுத்தின் பக்கவாட்டில் மெல்லிய ஊசி வழியாக அந்த நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துவார்கள். இதற்குப் பெயர் 'இன்டர்ஸ்கேலின் பிளாக்'. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் அலோன் வின்னி 1970-ல் இந்த முறையை விவரித்தார். நம் ஊரில் இப்படி நரம்பை மரக்கச் செய்து கை, தோள் ஆபரேஷன் செய்வதில் கோவை கங்கா மருத்துவமனை பெயர் பெற்றது.

சுமார் அரை மணி நேரத்தில் தோளும் கையும் மரத்துவிடும். நோயாளியைச் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் பாதி உட்காரவைத்து ஆபரேஷன் செய்வார்கள். வலி தெரியாது. ஆனால், இழுப்பது, தட்டுவது, அதிர்வது எல்லாம் தெரியலாம். ரம்பச் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்கும். அதனால் பலருக்கு லேசான தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஹெட்போனில் பாட்டு கேட்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.

'மயக்கம் இல்லைன்னா ரிஸ்க் இல்லை'... உண்மையா?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் கழுத்தில் அதே இடத்தை ஒட்டித்தான் போகிறது. வழக்கமான அளவில் மருந்து போட்டால், அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் வேலைநிறுத்தம் செய்துவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பல வருட பீடிப் பழக்கம், விறகடுப்புப் புகை, தொழிற்சாலைத் தூசு என்று நுரையீரல் கெட்டுப்போனவருக்கு மூச்சு முட்டலாம். அவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைப்பது, ஊசி போடும் இடத்தை மாற்றுவது போன்ற வழிகள் உண்டு. சிலருக்கு முழு மயக்கமே சரியாக இருக்கும். இன்றைய முழு மயக்கமும் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதுதான்.

ஆக, விழித்திருப்பது தைரியப் பரீட்சையும் இல்லை, எல்லோருக்கும் பொருந்தும் சலுகையும் இல்லை. இதயம், நுரையீரல் இரண்டின் நிலையைப் பார்த்து மயக்கவியல் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

* அப்பா, அம்மாவின் நுரையீரலுக்கு இந்த பிளாக் ஒத்துவருமா?
* பாதியில் முழு மயக்கம் தேவைப்பட்டால் என்ன ஏற்பாடு? (இதற்காகத்தான் விழித்திருக்கும் ஆபரேஷனுக்கும் வெறும் வயிற்றில் வரச்சொல்வார்கள். 'மயக்கம்தான் இல்லையே' என்று இட்லி ஊட்டிவிடாதீர்கள்!)
* ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளை எப்போது நிறுத்த வேண்டும்?
* வைப்பது சாதாரண மூட்டா, 'ரிவர்ஸ்' மூட்டா?

கடைசிக் கேள்வி முக்கியம். தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் கிழிந்துபோனவர்களுக்கு, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய 'ரிவர்ஸ்' மூட்டை வைப்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பால் கிராமோன் 1985-ல் கொண்டுவந்த வடிவமைப்பு இது. மூட்டின் வகையைப் பொறுத்து, பிறகு செய்யக்கூடாத அசைவுகளும் மாறும்.

முதல் ராத்திரிதான் கஷ்டம்

மரப்பு சுமார் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அதுவரை, ''வலியே இல்லப்பா, வீட்டுக்குப் போலாம்'' என்பார்கள். மரப்பு விட்டதும் வலி ஒரேயடியாக வந்து இறங்கும். அதனால் வலி தொடங்கும் முன்பே, டாக்டர் சொன்ன நேரத்தில் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ஐஸ் ஒத்தடத்தையும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். அந்தப் பக்க இமை லேசாகத் தொங்கினாலோ, குரல் கம்மினாலோ பயப்பட வேண்டாம். மருந்தின் வேலைதான், தானே சரியாகும். ஆனால், மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்...

* முதல் 4-6 வாரங்கள்: கை தொட்டிலில்தான் இருக்க வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளை டாக்டர் சொன்ன உடனே தொடங்கலாம். சட்டை போடும்போது ஆபரேஷன் செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். முன்பக்கம் திறக்கும் உடைகளே வசதி. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கட்டும். முழங்கைக்குக் கீழேயும் ஒரு தலையணை வையுங்கள். அந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது.
* 6 வாரங்களுக்குப் பிறகு: பிசியோதெரபிஸ்ட் சொல்படி கையைத் தானாகத் தூக்கிப் பழகலாம். செங்குன்றம் பஸ்ஸில் ஏறினால் மேல்கம்பியைப் பிடிக்காமல், உட்கார்ந்து போகட்டும்.
* சுமார் 3 மாதங்களிலிருந்து: தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள். டூவீலர் ஓட்டுவதற்கு டாக்டரின் அனுமதி கட்டாயம். ஆடி மாதம் பவானியம்மன் கோயிலில் வேப்பிலை உடுத்தி அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டுதல் இருந்தால், உருளும்போது உடம்பின் மொத்த எடையும் தோளில் இறங்கும் என்பதை மறக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

முழுப் பலன் தெரிய 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். பயிற்சியை விட்டால் புது மூட்டும் இறுகிப்போகும்.

செலவுக்கு வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறீர்களா? உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடித்தால், உங்களை நம்பியிருக்கும், வருமானம் குறைவான பெற்றோரும் அதில் சிகிச்சை பெறலாம். அவர்கள் பெயரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதன் கீழ் வருகிறது என்று, சேர்வதற்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

காய்ச்சல், தையலில் சீழ் அல்லது சிவப்பு, நெஞ்சுவலி, கெண்டைக்காலில் வீக்கம், திடீரெனக் கை அசைக்க முடியாத வலி, 2 நாள் தாண்டியும் விடாத மரப்பு... இதில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் நம்பர், வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.